கருவியை வாங்கும் முன் நூல் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிண்டில், கோபோ போன்ற மின்வாசிப்புக் கருவி ஒன்றை வாங்குவது தகுமா, அல்லது அந்தப் பணத்துக்குத் தமிழ்ப் புத்தகங்களையே வாங்கிவிடலாமா என்ற கேள்வி எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களிடையே அண்மைக்காலமாக அடிக்கடி எழுகிறது. தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் நகரத்தில் ஒரு சிறிய வாசகர் வட்டத்தை நடத்திவருகிறேன். அதனால் இக்கேள்வி என்னிடமும் வருகிறது. பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர், கண்பார்வை மங்கத் தொடங்கிய முதியவர்கள், கோலாலம்பூரில் வேலை செய்துகொண்டு ஊரிலுள்ள தாய் தந்தைக்குத் தீபாவளிப் பரிசாக எதையாவது அனுப்ப விரும்பும் மகன்கள், மகள்கள் என்று கேட்பவர்கள் பலதரப்பட்டவர்கள். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கில நூல் படிப்பவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. திரையின் அளவையும் மின்கலத்தின் ஆயுளையும் அலசுகின்ற அவை, தமிழில் படிக்கப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதைத் தொடுவதில்லை. அதனால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். தங்கள் நாளிதழில் இடம் தந்து உதவ வேண்டுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் படிக்கும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவராகவும், தாம் படிக்க விரும்பும் நூல்கள் எழுத்து வடிவ மின்னூலாகக் கிடைக்கின்றன என்பதை உறுதிசெய்துகொண்டவராகவும் இருப்பவருக்கு இக்கருவி கொடுத்த பணத்துக்கு மேலாகவே பயன் தரும். அச்செழுத்து சிறுத்துத் தெரிவதால் படிப்பதையே விட்டுவிட்ட முதியவருக்கு அதைவிடவும் பெரிய பயன் தரும். கருவி வீட்டுக்கு வந்துவிட்டால் பழக்கமும் பின்னால் வந்துவிடும் என்று நம்பி வாங்குவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

விலையைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு வெளிவந்த, ஆறு அங்குலத் திரை கொண்ட அடிப்படைக் கிண்டிலின் அமெரிக்க வெளியீட்டு விலை ஏறத்தாழ 110 டாலர். ஏழு அங்குலத் திரை கொண்ட பேப்பர்ஒயிட் 160 டாலர். ஷோப்பி, லசாடா போன்ற தளங்களில் இவற்றை விற்கும் வணிகர்கள் அதன்மேல் தங்கள் செலவையும் ஆதாயத்தையும் சேர்ப்பார்கள். ஆக, மிகக் குறைந்த விலைக் கருவிக்கே நானூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகிவிடும். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அந்த ஊதியத்தை வாங்கிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது ஒரு மாத வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு ஆகும் செலவு. இதை எண்ணிப் பார்க்காமல் "வாங்கிவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மறுபக்கத்தில், அச்சு நூலும் நமக்கு மலிவாகக் கிடைத்துவிடவில்லை. தமிழ் நூல் வேண்டுமானால் நாங்கள் முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்கோ, இன்னும் கூடுதலாகத் தேட வேண்டியிருந்தால் கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கோ போக வேண்டும். சென்னையில் அச்சான நூலின் ரூபாய் விலையோடு அனுப்பும் கூலியும் சேர்ந்தே அது கடை அலமாரிக்கு வருகிறது. பயணச் செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறவருக்கு, நானூறு ஐந்நூறு வெள்ளி என்பது முதலில் தோன்றிய அளவுக்குப் பெரிய தொகையாகத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு நூலோ இரண்டு நூலோ வாங்குகிறவருக்கு அது என்றும் பெரிய தொகைதான்.

கைப்பேசியிலேயே படிக்க முடிகிறபோது தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேறுபாடு திரையில் இருக்கிறது. கைப்பேசித் திரை தானே ஒளிவிட்டு நம் கண்ணை நோக்கி வெளிச்சத்தைப் பாய்ச்சுவது. இக்கருவியின் மின்மைத் திரை (இ-இங்க்), தாளைப் போலவே, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தொடங்கிய நிறுவனம் ஒன்று இந்த நுட்பத்தை வணிகப் பொருளாக்கியது. 2004இல் சோனியின் கருவியிலும், 2007 நவம்பரில் வெளிவந்த முதல் கிண்டிலிலும் அது பயன்பட்டது. தலைமயிரின் பருமனளவே உள்ள நுண்ணிய உறைகள் திரை முழுதும் பரவியிருக்கும். ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கும். மின்னழுத்தம் கொடுக்கும்போது இவற்றுள் ஒரு நிறத்துத் துகள் மேலே வந்து நிற்கும். நின்றது நின்றபடியே இருக்கும் என்பதால் பக்கத்தைத் திருப்பும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாகிறது. அதனால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. இரவில் படிப்பதற்காகத் திரையின் விளிம்பிலிருந்து மேற்பரப்பின்மீது படியும் மெல்லிய விளக்கும் உண்டு. நண்பகல் வெயிலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் ஒரு பக்கம் படித்துப் பார்த்தவர்களுக்கு, வெயில் ஏறஏற எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும் ஒரு திரையின் அருமை உடனே புரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நூலை இறக்கிக்கொள்ளும்போது மட்டுமே இதற்கு இணையம் தேவை. தோட்டத்துக்குள் அலைவரிசை சரியாகக் கிடைக்காத வீடுகளில் இருப்பவர்கள் நகரத்துக்கு வரும்போது நூல்களை இறக்கிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கலாம்.

இனி, இந்தக் கடிதத்தின் மையமான செய்திக்கு வருகிறேன். தமிழில் மின்னூல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இருவேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஒவ்வோர் எழுத்தும் தட்டச்சு செய்யப்பட்ட எழுத்து வடிவ நூல். ஈபப் என்னும் கோப்பு வகை அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, பழைய நூலின் பக்கங்களைப் படம் பிடித்துச் சேர்த்த பிடிஎஃப் கோப்பு. முதல் வகையில் எழுத்தை நம் விருப்பம்போல் பெரிதாக்கலாம். வரிகள் தாமாகவே மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டாம் வகையில் பக்கம் ஒரு படம் மட்டுமே. ஆறு அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. அதன் அகலம் ஒன்பது சென்டிமீட்டர், உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். பதினான்கு சென்டிமீட்டர் அகலமும் இருபத்தொன்றரை சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வழக்கமான தமிழ் நூலின் பக்கத்தை அதற்குள் அடக்கினால் எழுத்து ஏறக்குறைய பத்தில் ஆறு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும். பெரிய எழுத்துக்காக வாங்கிய கருவியில், அச்சு நூலில் இருந்ததைவிடச் சிறிய எழுத்தைப் படிக்க நேர்ந்தால் வாங்கியவர் மனம் நோகத்தானே செய்யும்? பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்திப் படிப்பது இத்தகைய மெதுவான திரையில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கருவியை வாங்கிச் சில வாரங்களில் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்ட நம்மவர்கள் பலரிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் ஏற்றிவைத்திருந்தவை எல்லாம் பட வடிவப் பிடிஎஃப் கோப்புகள்தான் என்பது தெரியவருகிறது.

ஆகவே நூல்கள் எங்கே, எந்த வடிவில் இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும். பழந்தமிழ் இலக்கியம் படிக்க விரும்புகிறவர் கொடுத்துவைத்தவர். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த சங்க நூல்கள், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியங்கள், இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள் எனப் பெருந்தொகுப்பை எழுத்து வடிவிலேயே இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், ஆசிரியர்களே பொதுப் பயன்பாட்டுக்கு அளித்த இக்கால நூல்களை ஈபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் வடிவிலும் வழங்குகிறது. நம் தேவையை இத்தனை நுணுக்கமாக எண்ணிப் பார்த்துச் செய்த அந்தத் தொண்டர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டமும் அரிய களஞ்சியங்கள். ஆனால் அவற்றிலுள்ள நூல்களில் மிகப்பல பட வடிவத்தில் இருப்பவை. கணினியிலோ பெரிய திரையுள்ள பலகைக் கணினியிலோ அவற்றைப் படிப்பதே நலம். காப்புரிமை பற்றியும் ஒரு சொல்: நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், இந்தியாவில் அது அறுபது ஆண்டுகள். 1921இல் மறைந்த பாரதியையும் 1954இல் மறைந்த கல்கியையும் போன்றோரின் எழுத்துகளை எந்தத் தயக்கமும் இல்லாமல் இறக்கிப் படிக்கலாம். வாழும் எழுத்தாளரின் நூலை யாரோ படம் பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்வது அப்படிப்பட்டதன்று. அதை ஏற்றிக்கொள்வதற்காகக் கருவி வாங்குவதாக இருந்தால் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம் என்று எங்கள் வட்டத்தினரிடம் சொல்லியிருக்கிறேன்.

இக்காலப் புதினங்களையும் கட்டுரை நூல்களையும் விலைக்கு வாங்கிப் படிப்பவர்களுக்கு அமேசான் தளமே இப்போதைக்குப் பெரிய சந்தை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் அது கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டுப் பதிப்பகங்களும் தனி எழுத்தாளர்களும் அதில் தொடர்ந்து வெளியிட்டு வருகிறார்கள். ஆனால் அங்கே நாம் வாங்குவது நூலைப் படிக்கும் உரிமத்தை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. 2009 ஜூலையில், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றியிருந்த இரண்டு ஆங்கிலப் புதினங்களை, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 பிப்ரவரி இறுதியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி மாற்றிக்கொள்ளும் வசதியும் நிறுத்தப்பட்டது. எங்கள் ஊரில் ஒரு நல்ல நூல் வந்தால் அது பத்து வீடு சுற்றிவிட்டுத்தான் வாங்கியவரின் வீட்டுக்குத் திரும்பும். அட்டை கிழிந்து வந்தாலும் யாரும் வருத்தப்படுவதில்லை. கிண்டில் நூலுக்கு அந்த வாழ்வு கிடையாது. வாசகர் வட்டம் நடத்துகிறவளாகிய எனக்கு இது சிறிய குறையாகத் தோன்றவில்லை. பலர் கைமாறிப் படிக்க வேண்டிய நூலை அச்சிலேயே வாங்குங்கள். தனக்கென்று ஒருவர் திரும்பத் திரும்பப் படிக்கும் நூலை மின்வடிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லிவருகிறேன்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்பது அடுத்து நேரும் சிக்கல். புதிய கிண்டில்களில் அமேசானில் வாங்கிய தமிழ் நூல்கள் சீராகவே தெரிகின்றன. 2022 முதல் நம்மிடமுள்ள ஈபப் கோப்புகளையும் மின்னஞ்சல் வழியாக அதற்கு அனுப்பிக்கொள்ளலாம். கோபோ கருவி ஈபப் கோப்பை நேரடியாகவே திறக்கும். அதன் நினைவகத்தில் எழுத்துருக்களுக்கென்று ஒரு கோப்புறையை உண்டாக்கி நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை இட்டுவிட்டால் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்பதும், கொம்புக்கும் காலுக்கும் இடையில் புள்ளி வட்டம் முளைப்பதும், சில எழுத்துகள் வெறும் கட்டமாகத் தெரிவதும் பழைய மென்பொருளில் உண்டு. பணம் கொடுக்கும் முன், கொக்கு, கோயில், கௌரவம் என்னும் மூன்று சொற்கள் வருகிற ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு விற்பனையாளரைப் பாருங்கள். பழுதானால் யார் பொறுப்பு, உத்தரவாதம் தயாரிப்பாளருடையதா அல்லது கடைக்காரருடையதா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு நுணுக்கத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒன்றோடொன்று புணர்ந்து ஒரே சொல்லாக நிற்பவை. எழுத்தைப் பெரிதாக்கும்போது சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களே அடங்கும். இரு ஓரமும் சமமாக வரும்படி கருவி வரிகளை இழுத்து நிறுத்துவதால் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளிகள் விழுந்து கண் தடுமாறும். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக அமைக்கும் வசதி அமைப்புப் பகுதியில் இருக்கிறது. அதைத் தேர்ந்துகொண்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதியைத் தீர்க்கத் திரையைக் குறுக்காகத் திருப்பி வைத்துப் படிக்கலாம். முதியவருக்கென்று வாங்குவதாக இருந்தால், ஐம்பது டாலர் கூடுதலானாலும் ஏழு அங்குலத் திரையையே வாங்கும்படி நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதியவர்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். தோட்டத்துப் படிப்பகத்தில் நாளிதழை உரக்கப் படித்து மற்றவர்களுக்குச் செய்தி சொன்ன தலைமுறையைச் சேர்ந்தவர். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்துவந்தவர், கை நடுங்கத் தொடங்கியதும் அதையும் நிறுத்திவிட்டார். அவருடைய மகள் வாங்கி அனுப்பிய கருவியில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தபின் மீண்டும் நாள்தோறும் படிக்கிறார். இருநூறு கிராம் எடைதான் என்பதால் மடியில் வைத்துக்கொண்டே படிக்க முடிகிறது. ஆயிரம் பக்க வரலாற்றுப் புதினத்தை அச்சில் தூக்கிப் பிடிக்க அவரால் முடியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது எத்தனை பெரிய இழப்பு என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். இப்படிப்பட்டவருக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் விலையைப் பற்றிப் பேசக்கூட எனக்குத் தோன்றுவதில்லை. ஆனால் ஒன்று: நூல்களை ஏற்றித் தந்து, தீர்ந்ததும் புதியவற்றை அனுப்பிக்கொண்டிருக்க வீட்டில் ஒரு பேரப்பிள்ளையாவது பொறுப்பேற்க வேண்டும். வெறும் கருவியை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. நீரிழிவு நம் சமூகத்தில் மிகுதி. பார்வை திடீரென்று மங்கினால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு காலம் கடத்தாமல் முதலில் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்பதற்கு என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வண்ணப் படக்கதை நூல் வேண்டும். அடிப்படைக் கருவியின் திரை கறுப்பு வெள்ளை. 2024இல் வந்த வண்ணக் கிண்டிலின் வெளியீட்டு விலை 280 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு வகுப்பறைக்கே சிறுநூலகம் அமைக்கலாம். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவருக்குப் பாட நூலின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் படிப்பதே எளிது. புலனமும் டிக்டாக்கும் இல்லாத கருவி என்பதால் பிள்ளையின் கவனம் சிதறாது என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஏற்கெனவே நூல்களை விழுங்கிக்கொண்டிருக்கும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளையாக இருந்தால் வாங்கித் தாருங்கள். படிக்க மறுக்கும் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டும் பெற்றோர்தான் தேவை.

வாங்கும் எண்ணம் உறுதிப்படாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கிண்டில், கோபோ இரண்டின் செயலிகளும் கைப்பேசிக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கூகள் பிளே புக்ஸ் செயலியில் நம்மிடமுள்ள ஈபப் கோப்பை ஏற்றியும் படிக்கலாம். மேலே சொன்ன இலவசத் தளங்களிலிருந்து நீங்கள் உண்மையிலேயே படிக்க விரும்பும் ஒரு நூலை இறக்கி, கைப்பேசியிலேயே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். கண் வலித்தாலும் முடித்துவிட்டீர்கள் என்றால் கருவி உங்களுக்குப் பயன்படும். இருபது பக்கத்தில் நின்றுவிட்டால், அந்த நிறுத்தத்துக்குத் திரை மட்டும் காரணமா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். நாளிதழ் படிப்பதற்காக இக்கருவியை நாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2023 செப்டம்பரில் கிண்டிலில் நாளிதழ், வார இதழ் சந்தா முறையையே அமேசான் நிறுத்திவிட்டது. காலையில் கடைக்குப் போய்த் தமிழ் நாளிதழ் வாங்கும் வழக்கத்தை யாரும் இதன்பொருட்டு விட வேண்டியதில்லை.

இவ்வளவும் தமிழ்நாட்டு நூல்களைப் பற்றி. நம் சொந்த நூல்களின் நிலை என்ன என்பதே என் கவலையெல்லாம். பால்மரக் காட்டையும் லயத்து வாழ்வையும் சயாம் மரண இரயில்பாதையையும் தோட்டத் துண்டாடலையும் எழுதிய மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளை இக்கருவியில் தேடினால் கிடைப்பவை மிகச் சிலவே. நம் எழுத்தாளர் தம் கைப்பணத்தைப் போட்டுச் சில நூறு படிகள் அச்சிடுகிறார்; வெளியீட்டு விழாவில் பாதி விற்கிறது; மீதி அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஈரமும் கரையானும் வெள்ளிப்பூச்சியும் தின்னக் கிடக்கிறது. பத்தாண்டு கழித்து ஒரு மாணவர் கேட்டால் கொடுக்க ஒரு படி இருப்பதில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அப்படி ஒப்படைத்தவை பாதுகாப்பாக இருக்கும் என்றாலும் சுங்கை சிப்புட்டில் இருக்கும் வாசகரின் கைக்கு அவை வரப்போவதில்லை. சிங்கப்பூரில் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து, அந்நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்வடிவாக்கி இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாததற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. 1985இலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றிய முத்து நெடுமாறன் இந்த மண்ணைச் சேர்ந்தவர். அதற்கும் முன்னால், 1950களில், 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஒவ்வொரு வெள்ளியாகக் கொடுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வழிவகுத்தார்கள்; அன்று அவர்களுடைய தினக்கூலிக்கு ஒரு வெள்ளி எத்தனை பெரியது என்பது அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

எழுத்தாளர்களுக்கு இதனால் பெரிய செலவு இல்லை. இன்று வெளிவரும் எந்த நூலும் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டதுதான். அச்சகத்தில் வேலை முடிந்ததும் அந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஈபப் செய்வது கணினி தெரிந்த ஓர் இளைஞருக்கு ஓரிரு மாலைப்பொழுது வேலை. விற்க விரும்புகிறவர் விற்கலாம். அச்சுப்படி தீர்ந்துபோன பழைய நூல்களையாவது இலவசமாக விடலாம் என்பது என் விண்ணப்பம். எழுத்தாளர் மறைந்துவிட்டிருந்தால் அவருடைய பிள்ளைகள் இதைச் செய்ய முன்வர வேண்டும். தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எங்கள் வட்டத்தில் நால்வர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். பேராக் மாநிலத்து எழுத்தாளர்களின் அச்சில் இல்லாத நூல்கள் எவையேனும், உரியவரின் எழுத்துப்பூர்வ இசைவோடு எங்களிடம் வந்தால், ஊதியம் எதுவும் பெறாமல் இப்பணியைச் செய்து தர அணியமாக இருக்கிறோம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறு பதிப்பில் மலேசிய நூல்களை அறிமுகம் செய்யும்போது விலை, பக்க எண்ணிக்கை, கிடைக்குமிடம் ஆகியவற்றைத் தருகிறீர்கள். அவற்றோடு, மின்னூல் உண்டா, உண்டென்றால் எழுத்து வடிவிலா பட வடிவிலா, எங்கே பெறலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிட்டால், கருவி வாங்கலாமா என்று தயங்கி நிற்கும் வாசகர் ஒவ்வொருவரும் தமக்கான நூல் எத்தனை என்று அந்த வரியைப் பார்த்தே எண்ணிக்கொள்வார்; 'இல்லை' என்று வாரந்தோறும் அச்சாவதைப் பார்க்கிற நம் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அடுத்த நூலுக்காவது அதைச் செய்ய முனைவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.